பழைய வீடு, புது வயர்: வாசகர் கேள்விகளுக்கு மார்த்தாண்டத்து வயர்மேன் பதில்

(மார்த்தாண்டத்தில் நெடுங்காலம் வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தவர், தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இந்தப் பகுதியில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு, பலகை மச்சு. இந்த ஜில்லா திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் கட்டியது. கரண்ட் இழுத்தது பிறகுதான். மரப்பட்டை அடித்து அதன்மேல் கிளிப் போட்டுக் கொண்டுபோன கறுப்பு வயர். இப்போது ஏசியும் ஹீட்டரும் வைக்க வேண்டும். ஓர் எலக்ட்ரீஷியன் "முழுசா மாத்தணும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும்" என்கிறார். இன்னொருவர் "பழைய செம்பு வயர், இரும்பு மாதிரி இருக்கு. பியூஸைக் கழற்றிவிட்டு எம்சிபி போட்டால் போதும், பன்னிரண்டாயிரம்" என்கிறார். யாரை நம்புவது?
வாசகி, திருவட்டாறு

பதில்: இரண்டு பேரில் யாராவது ஒரு சுவிட்ச் போர்டையாவது திறந்து பார்த்தார்களா? வயர் உறை வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியை வைத்தார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துத் தொகை சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் சொன்ன தொகை லட்சமானாலும் ஆயிரமானாலும் எனக்குக் கணக்கில்லை.

செம்பு நன்றாக இருக்கிறது என்பது சரிதான், தங்கச்சி. செம்புக்கு ஒன்றும் ஆகாது. அதன் மேலுறைதான் பிரச்சினை. அந்தக் காலத்துக் கறுப்பு வயரின் உறை ரப்பர். ஓட்டுச் சூட்டில் மச்சுக்கு மேலே வருஷக்கணக்காகக் காய்ந்து கிடக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, வருகிறவரிடம் ஒரு போர்டைக் கழற்றி, வயரை லேசாக வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். உறை வெடித்தாலோ, கறுப்புத் தூளாக விரலில் ஒட்டினாலோ அப்புறம் பேச்சே இல்லை, அந்த வயர் போக வேண்டியதுதான். வளைந்து கொடுத்தால் மெக்கர் வைக்கட்டும். பல்பு, டிவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பலகை மச்சு என்றால் எலியும் அணிலும் கடித்த இடம் ஒன்றாவது இருக்கும். பட்டைக்குப் பின்னால் சிதல், அதாவது கரையான், ஏறியிருக்கும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, யாராவது மேலே ஏறியே ஆக வேண்டும்.

இரண்டாமவர் சொன்ன எம்சிபிக்கு வருவோம். பியூஸுக்குப் பதில் எம்சிபி போடுவது நல்லதுதான். எத்தனை ஆம்பியர் போடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எம்சிபி என்பது அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழுகிற சுவிட்ச், அதை வைப்பது வயரைக் காப்பாற்ற. உங்கள் வீட்டில் ஓடுவது அநேகமாக 1/18, அதாவது 18 கேஜில் ஒற்றைக் கம்பி. நாலு விளக்கு, இரண்டு விசிறி, ஒரு ரேடியோ என்று 5 ஆம்பியர் கணக்கில் போட்டது. இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஒன்றே 9 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர். அந்த வயரில் சின்ன எம்சிபி போட்டால் ஹீட்டர் போட்டதும் விழும். "அடிக்கடி விழுது" என்று நீங்கள் குறை சொல்வீர்கள், அவர் 32 ஆம்பியர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு விழாது. மச்சுக்குள் வயர் சூடாகிக் கொண்டிருக்கும்.

இப்போதே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. மீன் வாங்காத நாளில் வீட்டில் மீன் கருகிய வாடை வந்தால் அடுக்களையைத் தேடாதீர்கள், சுவிட்ச் போர்டை மோந்து பாருங்கள். பிளக், சுவிட்ச் சாமான்கள் உள்ளே சூடேறினால் பல சமயம் அப்படித்தான் நாறும். நம் பக்கத்தில் மீன் வாங்காத நாள் குறைவு என்பதால் பலருக்கு இது பிடிபடுவதில்லை. திக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் பூனை எங்கோ மீனைக் கொண்டுபோட்டிருக்கிறது என்று பத்தாயத்தைக்கூட நகர்த்திப் பார்த்தார்கள். மெயின் போர்டைத் திறந்தேன். பீங்கான் பியூஸில் பியூஸ் கம்பிக்குப் பதில் வயரில் உரித்த செம்பு இழையை மூன்றாக மடித்து முறுக்கி வைத்திருந்தார்கள். பீங்கான் பழுப்பேறிக் கிடந்தது. பின்னால் இருந்த தேக்குப் பலகையில் விரல் வைத்தால் கரி உதிர்ந்தது. பியூஸ் போகவே போகாது என்று அந்த வீட்டுக்காரருக்கு அதுவரை பெருமை.

சரி, பணத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாவிட்டால் வரிசை இது. முதலில் எர்த் குழி, மெயின் போர்டு, கசிவு வந்தால் கரண்டை நிறுத்துகிற ஆர்சிசிபி. அடுத்து ஏசி, ஹீட்டர், அடுக்களை, மோட்டார் ஆகியவற்றுக்குப் போர்டிலிருந்து நேராகத் தனித்தனி வயர். ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5. இந்தக் கனமான சுமைகள் பழைய வயரிலிருந்து இறங்கிவிட்டால், மெக்கரில் தேறிய விளக்கு வயர் இன்னும் கொஞ்ச காலம் ஓடும், 6 ஆம்பியர் எம்சிபியின் காவலில். தேறாத வயருக்கு இந்தச் சலுகை கிடையாது. கடைசியில்தான் புது மாடல் சுவிட்ச். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படுவது சுவிட்ச்தானே.

ஏசி போடுமுன் மின்வாரிய செக்ஷன் ஆபீஸில் உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் சொற்பமாகத்தான் இருக்கும். கூட்டி எழுதி வாங்க வேண்டும்.

கேள்வி: பிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று அடித்தது. வந்தவர் பிளக் சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டார். அடி நின்றுவிட்டது. இது சரிதானா?
வாசகர், கருங்கல்

பதில்: இன்றைக்கே கழற்றுங்கள். அதுவரை பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பால் திரிந்தாலும் பரவாயில்லை.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காற்றில் தென்னை ஓலை விழுந்து வெளியே நியூட்ரல் கம்பி, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி, அறுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பேஸில் வந்த கரண்ட், போட்டிருக்கும் பல்பு, விசிறி வழியாக வீட்டுக்குள் இருக்கும் நியூட்ரலுக்கு வந்து நிற்கும். அந்த நியூட்ரலைத்தான் பிரிட்ஜின் தகரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறீர்கள். முன்பு அடித்தது கசிவு. அப்போது அடிப்பது முழு 230 வோல்ட். யாரோ வயரிங்கில் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிச் சேர்த்திருந்தாலும் இதே கதைதான், கம்பி அறுபடவே வேண்டாம்.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? உங்கள் வீட்டில் எர்த் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. நம் வெட்டுக்கல் பூமியில் கோடையில் மண் காய்ந்துவிடும். 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப்பை இரண்டரை மீட்டர் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது வழக்கம். பாறை தட்டுகிறது என்று முழங்கால் ஆழத்தில் நிறுத்தி, மேலே சிமென்ட் பூசி மூடிய குழிகளை நான் நிறையத் தோண்டியிருக்கிறேன். பாறை தட்டினால் இடத்தை மாற்ற வேண்டும். கிணற்றடியில் தண்ணீர் ஓடிப்போய் நிற்கிற வாழை மூடு, அதாவது வாழையின் அடி, நல்ல இடம்.

இன்னொன்று. எர்த் சரியா என்று பார்க்க நம்மவர்கள் 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடிப்பார்கள். "பாருங்க, பளிச்சுன்னு எரியுது" என்பார்கள். அந்தப் பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். எர்த்தின் தடை 50 ஓம் இருந்தாலும் அது எரியும். அப்படிப்பட்ட எர்த்தில் பிரிட்ஜ் உடம்புக்கு நேராகப் பேஸ் வந்தால் ஓடுவது நாலரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பியூஸ் அசையாது. எர்த் டெஸ்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை வைத்து அளந்து, ஓம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரிட்ஜில் கசிவு எங்கே என்றும் ஒரு மெக்கானிக் பார்க்க வேண்டும், அது தனி வேலை.

கேள்வி: வெட்டுக்கல் சுவர், மண் சாந்து. கட்டர் வைத்துக் குடைந்து பைப் பதிக்கலாமா?
வாசகர், அருமனை

பதில்: வேண்டாம். மண் சாந்துச் சுவரைக் குறுக்கே கிழித்தால் கல் கழன்று வரும், கொத்தனாருக்கு வேலை கொடுத்ததுதான் மிச்சம். சுவர்மேல் பிவிசி பைப்போ கேசிங்கோ போங்கள். உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோய் நிலைக்கு அருகில் இறக்கினால் கண்ணை உறுத்தாது. எலிக்கும் எட்டாது.

கேள்வி: போன வருஷம் ஆர்சிசிபி போட்டோம். மழை ராத்திரியில் விழுந்து வீடே இருட்டாகிறது. எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி நேராகச் சேர்த்துவிட்டு "இனி விழாது" என்றார். மாட்டியே வைத்திருக்கிறோம், ஆனால் வேலை செய்யவில்லை.
வாசகி, குலசேகரம்

பதில்: இனி விழாதுதான். ஆள் விழுந்தாலும் அது விழாது.

ஆர்சிசிபி செய்வது ஒரே வேலை. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்க்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர். வித்தியாசம் அந்த அளவுக்கு வந்தால் கண் இமைக்குமுன் நிறுத்திவிடும். பல ஆர்சிசிபிகள் 20ஐத் தாண்டும்போதே விழுந்துவிடும், அது குறை இல்லை. மழையில் விழுகிறது என்றால் மழை படுகிற எதிலோ கசிகிறது. அது சரியாகச் சொல்கிறது, நாம்தான் வாயை அடைத்துவிட்டோம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பைபாஸை எடுத்துவிட்டு, அடுத்த மழையில் விழும்போது எல்லா எம்சிபியையும் கீழே தள்ளுங்கள். ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைன். குலசேகரம் என்பதால் என் சந்தேகம் வரிசையாக: கேட் விளக்கு, கிணற்று மோட்டார், ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்குப் போகும் வயர். கொட்டகைக்குப் பலரும் வீட்டு வயரையே மரத்தில் கட்டி இழுத்திருப்பார்கள். அந்த லைனில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபி கீழே இருந்தாலும் ஆர்சிசிபி விழும், ஏனென்றால் ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும். அப்படியானால் நியூட்ரலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதை நீங்கள் செய்யாதீர்கள், ஆள் வரட்டும்.

மழை இல்லாமலும் விழுந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். இன்வெர்ட்டர் விளக்குகளின் நியூட்ரலை வீட்டின் மற்ற நியூட்ரலோடு கலந்து கட்டியிருப்பார்கள். கரண்ட் ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்பும், ஆர்சிசிபிக்குக் கணக்கு உதைக்கும்.

பெரிய வீடென்றால் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆர்சிசிபி போட்டு, வெளி லைன்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கேட் விளக்குக்காக உள்ளே விசிறி நிற்க வேண்டாமே.

கேள்வி: வீடு பாறசாலையில். பழக்கமான எலக்ட்ரீஷியன் களியக்காவிளைக்காரர். அவரை வைத்து வயரிங் மாற்றலாமா? கேரள மின்வாரியமான கேஎஸ்இபியில் பிரச்சினை வருமா?
வாசகர், பாறசாலை

பதில்: கைவேலைக்கு எல்லை கிடையாது, தாளுக்கு உண்டு. கேரளத்தில் வயர்மேன் பெர்மிட்டும் ஏ, பி, சி என்று கான்ட்ராக்டர் லைசென்ஸும் கொடுப்பது அவர்களுடைய லைசென்சிங் போர்டு. நம் பக்கம் மின் உரிம வாரியம், அதன் வகைகள் வேறு. லோடு கூட்ட, சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்ற கேஎஸ்இபிக்குத் தாள் கொடுக்கும்போது அங்கே லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்து வேண்டும். வேலையைத் தொடங்குமுன்னே அங்குள்ள ஒரு சேட்டனைப் பார்த்துப் பேசிவிடுங்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு போய்க் "கையெழுத்து மட்டும் போடுங்க" என்றால், ஒன்று போட மாட்டார், இல்லை பார்க்காமல் போடுவார். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

மீட்டர் சீலை எந்தப் பக்கத்துக்காரரும் தொடக் கூடாது.

கேள்வி: ஐப்பசி மழையில் வருஷாவருஷம் டிவியோ மோடமோ போகிறது. ஸ்டெபிலைசர் இருக்கிறது. இடிதாங்கி வைக்க வேண்டுமா?
வாசகர், களியல்

பதில்: ஸ்டெபிலைசர் வோல்டேஜ் கூடுவதையும் குறைவதையும் பார்க்கும், இடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கூரைமேல் வைக்கிற இடிதாங்கி கட்டடத்துக்கு. கம்பி வழியாக ஏறி வருகிற அடிக்கு மெயின் போர்டில் எஸ்பிடி என்று ஒன்று போட வேண்டும். வீட்டுக்கு டைப் 2 போடுவார்கள். அதன் எர்த் வயர் குட்டையாக, வளைந்து சுற்றாமல் போக வேண்டும். எர்த் மோசமென்றால் எஸ்பிடி அலங்காரம்தான். அதன் முகத்தில் சின்ன ஜன்னல் இருக்கும், பச்சை சிவப்பாக மாறினால் உயிர் போய்விட்டது, மாற்றுங்கள். பக்கத்தில் நேராக விழுகிற இடிக்கு இதுவும் தாங்காது.

மோடம் போவது பல வீட்டில் கரண்ட் வழியாக இல்லை, கேபிள் வழியாக. வானம் இருட்டத் தொடங்கும்போதே பிளக்கோடு கேபிளையும் உருவிவிடுங்கள். தலைக்குமேல் இடிக்கும்போது போய் உருவக் கூடாது. அந்த நேரத்தில் மோடம் போனால் போகட்டும்.

கேள்வி: நான் துபாயில். கொல்லங்கோட்டில் பழைய வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். முழு வயரிங்கும் மாற்ற முடிவு செய்துவிட்டேன். லீவுக்கு வர முடியாது. எலக்ட்ரீஷியனை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பேசுவது?
வாசகர்

பதில்: தம்பி, தூரத்திலிருந்து நடத்துகிறவருக்குப் பாயின்ட் ரேட்தான் தோது. தினக்கூலி என்றால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். ஆனால் பாயின்ட் என்றால் என்ன என்று முதலிலேயே பேசுங்கள். ஒரு விளக்கும் அதன் சுவிட்சும் ஒரு பாயின்ட்டா, சுவிட்ச் போர்டிலேயே இருக்கும் பிளக் அரை பாயின்ட்டா, எம்சிபிகள் இருக்கும் டிபி போர்டு கட்டுவது தனிக்கூலியா, பழையதைக் கழற்றுவது அதில் சேருமா? சண்டை எப்போதும் இந்த அரை பாயின்ட்டில்தான் வரும். வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும், பத்திரம் வேண்டாம்.

ஆளைப் பிடிக்க அவர் லைசென்ஸ் என்ன வகை என்று கேளுங்கள். இல்லை, வேறொரு கான்ட்ராக்டரின் கீழ் வேலை செய்கிறார் என்றால் அந்தக் கான்ட்ராக்டரோடு பேசுங்கள். அவர் முன்பு வயரிங் மாற்றிய ஒரு பழைய வீட்டுக்கு உங்கள் சொந்தக்காரர் யாரையாவது அனுப்புங்கள். புது வீட்டைக் காட்டினால் போதாது. புது வீட்டில் எவனும் நன்றாகச் செய்வான்.

சாமானை நீங்களே கடையில் வாங்குங்கள், பில் உங்கள் பெயரில் வரட்டும். வயர் 90 மீட்டர் சுருளாக வரும். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் அட்டையில் இருக்க வேண்டும். வயரின் உடம்பிலும் கம்பெனிப் பெயர், அளவு அச்சிட்டிருக்கும். சுருளைப் பிரிக்குமுன் படம் அனுப்பச் சொல்லுங்கள். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். "பச்சை தீர்ந்துபோச்சு, சிவப்பிலேயே எர்த் இழுத்துட்டேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருஷம் கழித்து வருகிறவன் அதை பேஸ் என்று நினைப்பான், அல்லது எர்த் என்று நினைத்துப் பேஸைத் தொடுவான். விளக்குப் பாயின்ட்டுக்கும் எர்த் வயர் போக வேண்டும். அதை விட்டுவிடுவதுதான் சுலபமான மிச்சம். ஒரு விளக்குச் சர்க்யூட்டில் பத்து பாயின்ட்டுக்குமேல் கோர்க்கக் கூடாது.

கழற்றிய பழைய செம்பு யாருக்கு என்பதையும் பேசிவிடுங்கள். இதை யாரும் பேசுவதில்லை. ஒரு முழு வீட்டின் பழைய செம்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் நல்ல தொகை வரும். எலக்ட்ரீஷியனே எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம், தப்பென்று சொல்ல மாட்டேன். நீங்கள் கூலியில் கழித்துக்கொள்ளலாம். எதுவானாலும் முதலிலேயே சொல்லுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். தொடங்கும்போது கொஞ்சம், பைப் எல்லாம் போட்டு வயர் இழுத்த பிறகு கொஞ்சம். கடைசிப் பங்கைக் கொடுக்குமுன் மூன்று படங்கள் உங்கள் போனுக்கு வர வேண்டும்: மெக்கர் காட்டும் எண், எர்த் டெஸ்டர் காட்டும் எண், எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டிய டிபி மூடி. தமிழில் எழுதச் சொல்லுங்கள், அம்மா படிக்க வேண்டும். ஆர்சிசிபியில் "டி" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கி விழ வைத்து, மறுபடி ஏற்றுவதை அம்மாவின் கையாலேயே ஒரு தடவை செய்ய வைத்துவிட்டு அவர் போகட்டும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் அதே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், எனவே அவருடைய நம்பரும் அந்த மூடியிலேயே இருக்கட்டும்.